ரோலண்டின் துராந்தால் வாள் உண்மையில் இருந்ததா?

பிரான்சின் ரொக்கமதூர் என்னும் ஊரில் பாறை இடுக்கில் செருகியிருந்த, பழைய பிரெஞ்சுக் காவிய நாயகன் ரோலண்டின் மந்திர வாள் 2024-இல் காணாமற்போனதாகச் செய்தியில் படித்தேன், அது உண்மையிலேயே பிராங்கிய மன்னர் சார்லமேன் காலத்து வாள்தானா, அதற்கு என்ன மந்திர சக்தி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: ரோலண்ட் என்று ஒருவர் வாழ்ந்தாரா, துராந்தால் என்ற பெயருடைய வாள் அவர் கையில் இருந்ததென்று நம்ப ஆதாரம் உண்டா, பாறையில் தொங்கிக்கொண்டிருந்த இரும்பு எங்கிருந்து வந்தது. முதலாவதற்கு ஏறக்குறைய உறுதியாக ஆம் என்றும், இரண்டாவதற்கு இல்லை என்றும் சொல்லலாம். மூன்றாவதற்கு ஓரிரு வரிகளே போதும். ஆனால் மந்திரம் பற்றி நீங்கள் போகிற போக்கில் கேட்டதுதான் இவை எல்லாவற்றையும்விட ஆழமான கேள்வி என்பதால், பதிலின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன். நான் பழைய பிரெஞ்சு வீரகாவியங்களைப் பல ஆண்டுகள் படித்தவன், பாடம் சொன்னவன். வாள்களின் உலோகவியலைப் பற்றி நான் சொல்வது அகழாய்வு செய்தவர்களிடமிருந்து கற்றதேயன்றி என் சொந்த ஆய்வில் கண்டதன்று.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். 778-ஆம் ஆண்டு சார்லமேன் ஸ்பெயினுக்குள் படையெடுத்துச் சென்றார். சராகோசா நகரம் அவருக்குப் பணியவில்லை. திரும்பும் வழியில் பம்ப்லோனாவின் மதில்களை இடித்துவிட்டுப் பிரனீசு மலைகளைக் கடக்கையில், ஆகஸ்ட் 15 அன்று, படையின் பின்னால் காவலாக வந்த பகுதியை, அம்மலைப்பகுதி மக்களான பாஸ்க்கியர்கள் மலையிடுக்கில் மடக்கி அழித்தனர். சார்லமேனின் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்ட், அந்த இடத்தில் மாண்டவர்களில் மூவரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார்: அரண்மனை உணவுப் பொறுப்பாளர் எக்கிஹார்ட், அரண்மனைக் கோமகன் அன்செல்ம், வடமேற்குப் பிரான்சின் பிரித்தானி எல்லைப்புறத்தின் ஆளுநர் ருவோத்லாந்து. இந்த மூன்றாமவர்தான் பிற்காலத்து ரோலண்ட். நாள் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் எக்கிஹார்டின் கல்லறைப் பாடல். ஐன்ஹார்டின் நூலுக்குள்ள கையெழுத்துப் படிகளில் ஒரு தொகுதியில் ரோலண்டின் பெயர் இல்லை என்பதால், அது பின்னால் சேர்க்கப்பட்டிருக்குமோ என்று ஐயுற்றவர்கள் உண்டு. அந்த ஐயம் நியாயமானது என்றாலும் பெரும்பாலானோர் பெயரை ஏற்கின்றனர், நானும் ஏற்கிறேன். ஏனெனில் ஒரு புகழ்பெற்ற வீரனைப் பொய்யாக நுழைக்க நினைப்பவன் அவனை மூன்றாம் இடத்தில் ஓர் எல்லைப்புற அதிகாரியாக வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டான்.

பிற்காலக் கதைகளில் வருவதுபோல் ஐன்ஹார்ட் ரோலண்டைச் சார்லமேனின் மருமகன், அதாவது உடன்பிறந்தாள் மகன், என்று சொல்லவில்லை. கொம்பு ஊதியதாகவும் சொல்லவில்லை. வாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொல்லப்போனால் ஆயுதங்களைப் பற்றி அவர் கூறும் ஒரே செய்தி கதைக்கு நேர் எதிரானது: பாஸ்க்கியர்கள் இலேசான ஆயுதங்களோடு மேட்டில் நின்றார்கள், பிராங்குகளோ தம் ஆயுதங்களின் பளுவாலும் நிலத்தின் அமைப்பாலும் எல்லா வகையிலும் பின்தங்கிப்போனார்கள் என்கிறார். பின்னாளில் எந்தக் களம் உலகின் மிகச் சிறந்த வாளுக்குப் புகழ் தேடித் தந்ததோ, அந்தக் களத்தைப் பற்றிய பழைய சான்று, ஆயுதங்களே பிராங்குகளுக்குப் பாரமாயின என்கிறது. அரசவையின் ஆண்டுக் குறிப்புகளோ, முதலில் எழுதப்பட்ட வடிவில், இந்தத் தோல்வியையே சொல்லாமல் விட்டுவிட்டன. திருத்தப்பட்ட பிற்கால வடிவில்தான் அது இடம்பெற்றது.

இதற்குப் பின் நீண்டதொரு மௌனம். அது கலைவது பதினோராம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஸ்பெயினின் சான் மில்யான் மடத்தில் எழுதப்பட்ட ஒரு சிறு இலத்தீன் குறிப்பில். அதில் சார்லமேனின் மருமக்கள் பன்னிருவர் வருகிறார்கள், ரோலண்ட் பெயர் முதலில் நிற்கிறது, அவரைக் கொன்றவர்கள் பாஸ்க்கியர்களிலிருந்து சரசேனியர்களாக, அதாவது முஸ்லிம்களாக, மாறிவிட்டார்கள். வாள் தேடுகிறவர்களுக்கு அந்தக் குறிப்பில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஓஜியே என்னும் வீரனுக்கு அதில் 'குறுவாள்' என்ற அடைமொழி இருக்கிறது. பிற்காலக் காவியங்களில் ஓஜியேயின் வாளுக்குக் கூர்த்தேன் என்று பெயர், அதன் பொருளும் குட்டையானது என்பதே. ஆக வாளுக்கும் வீரனுக்கும் இடையிலான பந்தம் அப்போதே கதைகளில் உருவாகத் தொடங்கிவிட்டது. ஆனால் ரோலண்டின் பெயரோடு எந்த வாளும் அங்கே சேரவில்லை. இல்லாததைக் கொண்டு எதையும் நிறுவிவிட முடியாதுதான். சில வரிகளே உள்ள குறிப்பு அது.

நம் கைக்குக் கிடைத்துள்ள பழைய பெரும்பாடலில், அதாவது 1100-ஐ ஒட்டி இயற்றப்பட்டதாகக் கருதப்படும் 'ரோலண்டின் பாடல்' என்னும் காவியத்தில், வாள் முழுதாக உருப்பெற்று நிற்கிறது. அதன் மிகப் பழைய கையெழுத்துப் படி ஆக்ஸ்போர்டில், போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. சுமார் 4,000 அடிகள். போர் நடந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். துராந்தால் என்ற வாளைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாம் இந்தப் பாடலிலிருந்தும் இதற்குப் பின் வந்தவற்றிலிருந்தும் கிடைத்தவையே. எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளிலிருந்து அந்தப் பெயருக்கு ஒரு சான்றும் இல்லை. ஆகவே ரோலண்ட் வாள் ஏந்தியிருப்பார் என்பதில் ஐயமில்லை, எல்லைப்புற ஆளுநர் வாளின்றிப் போர்க்களம் போயிருக்க மாட்டார். அந்த வாளுக்குத் துராந்தால் என்ற பெயரும் சிறப்பும் இருந்தன என்பது காவியத்தின் படைப்பு என்றே நான் கொள்கிறேன்.

இனி மந்திரத்துக்கு வருவோம். பாடலில் அந்தக் காட்சி இப்படி அமைகிறது. தோழர்கள் எல்லாரும் மாண்டுவிட்டார்கள். ரோலண்டின் உடலில் வெட்டுக்காயம் பட்டு உயிர் போகவில்லை. தந்தக் கொம்பை அவ்வளவு வலிந்து ஊதியதில் நெற்றிப்பொட்டு வெடித்துச் செத்துக்கொண்டிருக்கிறார். பிணம்போல் கிடந்த சரசேனிய வீரன் ஒருவன் எழுந்துவந்து, இந்த வாளை அராபியாவுக்குக் கொண்டுபோவேன் என்று அதைப் பற்றுகிறான். ரோலண்ட் அவனை அந்தக் கொம்பாலேயே அடித்துக் கொல்கிறார், கொம்பு பிளந்துபோகிறது. அதன்பின், தன் சாவுக்குப் பிறகு வாள் யார் கைக்குப் போகுமோ என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. வாளை உடைத்துவிட முனைகிறார். அடுத்தடுத்து மூன்று செய்யுட்கள், மூன்றிலும் அதே செயல்: பாறையில் ஓங்கி அடிக்கிறார், எஃகு கிறீச்சிடுகிறது, ஆனால் முறியவில்லை, முனை மழுங்கவில்லை. ஒரே நிகழ்ச்சியை மும்முறை சொல்வது இந்தக் காவிய மரபின் உத்தி. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் வாளை நோக்கிச் சொல்லும் சொல் மாறுகிறது. முதல் முறை, உனக்கு இந்த விதி வந்ததே என்று இரங்குகிறார். இரண்டாம் முறை, வெயிலில் அது எப்படி மின்னுகிறது என்று வியந்து, அதைக் கொண்டு தான் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்கிறார். மூன்றாம் முறை அதை 'மிகப் புனிதமானவளே' என்று விளித்து, அதன் பிடிக்குள் இருப்பவற்றைச் சொல்கிறார்: புனித பேதுருவின் பல், புனித பசிலியாரின் குருதி, புனித தெனியின் தலைமயிர், கன்னி மரியாவின் ஆடைத்துண்டு.

நாடுகளின் பட்டியலில் நார்மண்டியும் இருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு நாடு 911-இல் வடவர் (வைக்கிங்குகள்) தலைவன் ரோல்லோவுக்கு நிலம் வழங்கப்பட்ட பின்புதான் உருவாயிற்று. 778-இல் மாண்ட ஒருவர் அதை வென்றிருக்க வாய்ப்பில்லை. பாடகர் தம் காலத்து நிலப்படத்தை ரோலண்டின் வாயில் வைத்துவிட்டார். தெனியின் தலைமயிரும் அப்படிப்பட்டதே என்பது என் கருத்து. பிரெஞ்சு மன்னர் குலத்தின் காவலராக அந்தப் புனிதர் ஓங்கி நின்றது பாடல் உருவான காலத்தில். இத்தகைய இடங்களில்தான் ஒரு பழங்கதையின் வயது வெளிப்பட்டுவிடும்.

இப்போது பாடலைத் திரும்பப் பாருங்கள். இதில் மந்திரம் எங்கே? எழுத்துப் பொறித்த அலகு இல்லை, ஓதிய சொல் இல்லை, தேவதை கொல்லன் இல்லை. மோரியான் பள்ளத்தாக்கில் இருந்த சார்லமேனிடம் வானதூதர் வந்து, இதை ஒரு தளபதிக்குக் கொடு என்று இறைவன் கட்டளையைச் சொன்னதாக மட்டும் வருகிறது. தற்காலக் கற்பனைக் கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் துராந்தால் ஒரு மந்திர ஆயுதமாகத் திரிகிறதே, அந்தப் பொருளில் பாடலின் வாள் மந்திர வாள் இல்லை. அது கைப்பிடி வைத்த ஒரு திருப்பண்டப் பேழை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் திருப்பண்டம் அல்லது அருளிக்கம் என்று எதைச் சொல்கிறார்களோ, அதுவேதான் அந்தப் பிடிக்குள் இருப்பது. புனிதரின் உடற்பகுதி இருக்கும் இடத்தில் புனிதரே இருக்கிறார் என்ற நம்பிக்கைதான் வாளின் வலிமைக்கு வேர். மந்திரம் என்றால் அதை அறிந்தவன் எவனுக்கும் வசப்படும். திருப்பண்டம் அப்படி வசப்படாது, அது யாருடையதோ அவருடையதாகவே இருக்கும். வாள் வேற்றுமதத்தார் கைக்குப் போகக்கூடாது, கோழை ஒருவன் கையிலும் சிக்கக்கூடாது என்று ரோலண்ட் புலம்புவதன் காரணம் இதுவே.

இதற்கு அதே பாடலில் ஓர் இருண்ட மறுபக்கமும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. ரோலண்டைக் காட்டிக்கொடுக்கும் கனெலோனும் வாள் வைத்திருக்கிறான், அதன் பெயர் முர்க்ளே. அதன் பிடிக்குள்ளும் திருப்பண்டங்கள் இருக்கின்றன. எதிரி மன்னன் முன்னிலையில் அவன் துரோகச் சத்தியம் செய்வது அந்தத் திருப்பண்டங்களின் மேல் கைவைத்துத்தான். ஆக, பிடிக்குள் திருப்பண்டம் வைப்பது துராந்தாலுக்கு மட்டுமே உரிய அதிசயம் என்று பாடகர் நினைக்கவில்லை. உயர்குடி வீரன் ஒருவனின் வாளில் இருக்கக்கூடியதுதான் என்றும், சத்தியம் செய்ய அது பயன்படும் என்றும் அவர் இயல்பாக எடுத்துக்கொள்கிறார். ஆயுதத்தின் மேல் சத்தியம் செய்யும் வழக்கம் மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டில் பிராங்கிய மன்னர் தாகோபெர்ட்டிடம் சாக்சானியர்கள் தங்கள் வழக்கப்படி ஆயுதங்களின் மேல் ஆணையிட்டதாக பிரெடெகார் பெயரில் வழங்கும் வரலாற்று நூல் சொல்கிறது. அந்தப் பழைய பழக்கமும் திருப்பண்டத்தின் மேல் சத்தியம் செய்யும் கிறித்தவப் பழக்கமும் வாளின் பிடியில் ஒன்றாகச் சேர்ந்தன என்று சொல்வது என் ஊகம். ஆனால் பாடலோடு அது நன்றாகப் பொருந்துகிறது. சார்லமேனின் வாள் ழுவாயேஸ் மட்டும் ஒரு படி மேலே போகிறது: அதன் பிடியில் கிறிஸ்துவின் விலாவைத் துளைத்த ஈட்டியின் முனை இருக்கிறது, அது நாளொன்றுக்கு முப்பது முறை ஒளி மாறும் என்கிறது பாடல். மந்திரம் என்று சொல்லத்தக்கது ஏதாவது இருந்தால் அது அந்த ஒளிமாற்றம்தான்.

உடையாமை என்ற பண்பை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். அது வானத்திலிருந்து இறங்கிய கற்பனையாக எனக்குத் தோன்றவில்லை, கொல்லனின் உலைக்களத்திலிருந்து வந்ததாகவே தோன்றுகிறது. அக்காலத்து வாள்கள் முறிந்தன. இரும்பிலிருந்த கசடும், கரிமம் சீராகச் சேராததும் அதற்குக் காரணம். சான் கால் மடத்துத் துறவி நோட்கர் 880-களில் எழுதிய நூலில் ஒரு கதை இருக்கிறது: வடநாட்டார் ஜெர்மானிய மன்னர் லூயிக்கு வாள்களைக் காணிக்கையாகக் கொண்டுவர, அவர் ஒன்றின் நுனியைப் பிடி வரை வளைக்க, அது பட்டென்று முறிந்தது. தூதன் ஒருவன் தன் சொந்த வாளை உருவித் தந்தான். அது கொடியைப்போல் வளைந்து மெல்ல நிமிர்ந்தது. நிகழ்ச்சி உண்மையோ இல்லையோ, நல்ல வாளுக்கு அவர்கள் வைத்த தேர்வு என்ன என்பதை இது காட்டிவிடுகிறது. விலையும் அதற்கேற்பவே இருந்தது. ரைன் பகுதிப் பிராங்குகளின் ரிப்புவாரியச் சட்டத்தில் உறையோடு கூடிய வாளுக்கு 7 சோலிடுசு (அக்காலப் பொற்காசு), உறையில்லாததற்கு 3, நோயற்ற எருது ஒன்றுக்கு 2 என்று மதிப்பு வைத்திருக்கிறார்கள். ஒரு வாளும் உறையும் மூன்று எருதுகளுக்கும் மேலான மதிப்புடையவை. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பிராங்கியப் பெயரான 'உல்ப்பெர்ட்' என்பதை அலகில் பொறித்த வாள்கள் ஐரோப்பா முழுவதும் பரவின. இன்று அப்படிப்பட்டவை நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, அவற்றில் சிலவற்றின் எஃகு மிகச் சிறந்தது, சில வெறும் போலி. முறியாத, மழுங்காத வாள் என்பது இந்தச் சூழலில் ஒவ்வொரு வீரனின் கனவு. பாடகர் அந்தக் கனவை நிறைவேற்றி, உடனே அதையே வீரனுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்: உடைக்க வேண்டிய நேரத்திலும் உடைய மறுக்கும் வாள். துராந்தாலின் பெருமை எதிரியை வெட்டும் இடத்தில் வெளிப்படுவதைவிட இங்கே கூடுதலாக வெளிப்படுகிறது என்பது என் எண்ணம்.

பெயரின் பொருளைப் பற்றியும் சிலர் உறுதியாகப் பேசுவார்கள், நம்ப வேண்டாம். 1140-ஐ ஒட்டிய, பேராயர் துர்ப்பேன் பெயரில் புனைந்து எழுதப்பட்ட இலத்தீன் நூல், 'கடும் அடி' என்று பொருள் சொல்கிறது. நிலைத்திருத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து சிலர் வருவிக்கிறார்கள். அரபு மூலமும், பிரித்தானியின் மொழியான பிரெத்தோன் மூலமும் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. அரபு மூலம் எனக்கு மிகவும் வலிந்து பொருத்தியதாகப் படுகிறது. நிலைத்திருத்தல் என்பதே கேட்பவர் காதில் முதலில் ஒலித்திருக்கும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

பாடலுக்குப் பின் வாள் வளர்ந்துகொண்டே போயிற்று, அதன் பூர்விகமும் மாறிக்கொண்டே போயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அஸ்ப்ரமோன் காவியத்தில், இளைஞன் ரோலண்ட் அதை ஓமோன் என்னும் எதிரி இளவரசனிடமிருந்து வென்று எடுக்கிறான். வானதூதர் தந்த கதை அங்கே மறைந்துபோகிறது. இத்தாலியக் கவி அரியோஸ்தோவின் பதினாறாம் நூற்றாண்டுக் காவியத்தில் அது திராய் நகரத்து எக்டரின் வாளாகவே ஆகிவிடுகிறது. மந்திர ஆயுதம் என்ற இன்றைய எண்ணம் பெரும்பாலும் இந்தப் பிற்கால ஊற்றுகளிலிருந்து வருவது.

ரொக்கமதூர் வாளுக்கு இப்போது ஓரிரு சொல். அது தேவாலயத் தொகுதியின் மேலே, தரையிலிருந்து ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்தில், பாறைப் பிளவில் செருகிச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தது. 2024 ஜூன் மாதத்தில் காணாமற்போனது. திருடுபோனது சார்லமேன் காலத்து எஃகு இல்லை. பிற்காலத்தில் செய்து வைத்த எளிய இரும்புப் பிரதி. ரோலண்ட் எறிந்த வாள் அதிதூதர் மிக்கேலின் அருளால் மலைகளைத் தாண்டி அங்கே வந்து தைத்தது என்பது ஊர்க்கதை. நான் மேலே சொன்ன துர்ப்பேன் நூலோ, ரோலண்டைப் பிளாய் ஊரில் அடக்கம் செய்ததாகவும், தலைமாட்டில் வாளையும் கால்மாட்டில் கொம்பையும் வைத்ததாகவும் சொல்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. பிரனீசு முகட்டில் 2,800 மீட்டருக்கு மேலான உயரத்தில் உள்ள, 'ரோலண்டின் பிளவு' என்னும் இயற்கை வாசலையும் துராந்தாலின் வெட்டு என்பார்கள். அது போர் நடந்த கணவாயிலிருந்து வெகுதூரம் கிழக்கே இருக்கிறது. லூவ்ர் அருங்காட்சியகத்தில் சார்லமேனின் ழுவாயேஸ் என்று வைத்திருப்பதும் இதையே போன்ற வேறொரு வழக்கு. அது பிரெஞ்சு மன்னர்களின் முடிசூட்டு வாள், வெவ்வேறு நூற்றாண்டுகளின் உறுப்புகளைச் சேர்த்தமைத்தது, 1825-இல் பத்தாம் சார்ல் முடிசூடியபோது கடைசியாகப் பயன்பட்டது.

வாள் இப்போது எங்கே என்ற உங்கள் கேள்வியை நேராக எதிர்கொண்ட பழைய கதைசொல்லி ஒருவர் உண்டு. பதிமூன்றாம் நூற்றாண்டில் நார்வே மொழியில் எழுதப்பட்ட சார்லமேன் கதைத்தொகுதியில், இறந்த ரோலண்டின் கையிலிருந்து வாளை உருவ வீரர்களால் இயலவில்லை. மன்னர் இறைவனை வேண்டிக்கொண்ட பின்பே பிடி தளர்கிறது. ரோலண்டுக்குப் பின் அதை ஏந்தத் தகுந்தவன் இல்லை என்று கருதிய மன்னர், திருப்பண்டங்கள் இருந்த பிடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, அலகைக் கரையிலிருந்து வெகுதொலைவில் நீரில் எறிந்துவிடுகிறார்.